வதாத் அக்காவின் தட்டு

சண்டை நின்று பெய்ரூத்திலிருந்து ஊர் திரும்பிய மறுநாள் காலையில், மதில்மேல் என் மனைவி ஹஸ்னாவின் நீலத் தட்டு இருந்தது. தட்டில் ஐந்து அத்திப்பழங்கள்.

“பாத்தீங்களா? வதாத் அக்கா என்னைக்காவது தட்ட வெறுமனே திருப்பியிருக்காளா?”

மதிலுக்கு அந்தப் பக்கம் வதாத் அக்காவின் வீடு இப்போது இல்லை. எல்லை தாண்டி வந்த விமானம் குண்டு போட்டதில் வீடும் அத்திமரமும் போயின. அவளைப் புதைத்துவிட்டுத்தான் நாங்கள் ஊரைவிட்டுக் கிளம்பினோம்.

“சாப்பிடுங்க. வேணாம்னா கோவிச்சுக்குவா.”

பழம் இனித்தது. ஹஸ்னா ரொட்டி சுட்டுத் தட்டை நிரப்பி மதிலில் வைத்தாள். மறுநாள் அதில் கத்தரிக்காய் ஊறுகாய் வந்தது. எனக்காக எப்போதும் போடுவதுபோலவே உப்புக் குறைவாக.

“என்னைவிட அவளுக்குத்தான் உங்க நாக்கு தெரியும்,” என்று சிரித்தாள் ஹஸ்னா. பாலாடைக்கட்டி வைத்து அனுப்பினாள்.

சண்டைக்கு முன்பு, மகள் வீட்டுக்குப் போன வதாத் அக்கா தன் வீட்டுக் கிடங்கின் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். துப்பாக்கிக்காரப் பையன்கள் வந்து கேட்டார்கள். கொடுத்தேன். ராக்கெட்டுகளை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பி வந்து கேட்டபோது, சாவி தொலைந்துவிட்டது என்றேன். “போகட்டும் தம்பி, சாவிதானே,” என்றாள். ஹஸ்னாவிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இன்று காலை தட்டில் அந்தச் சாவி இருந்தது.

“கெடைச்சிருச்சாம் பாருங்க,” என்றாள் ஹஸ்னா. தட்டைத் துடைத்து என் கையில் கொடுத்தாள். “இந்தத் தடவை நீங்கதான் ஏதாவது வைக்கணும்.”