புஜாங் டீம் கோல்கீப்பர்

"கெழவனாயிட்டேன்னு சொல்லிடு. வாயத் தொறந்து சொல்லிடுலா!"

ஸ்டானிஸ்லாஸ் காலடியில் கிடந்த தண்ணீர் போத்தலை எட்டி உதைத்தார். அது உருண்டு போய் ஜோனதனின் புதுச் சப்பாத்தில் இடித்து நின்றது.

ஜோனதன் நகரவில்லை. "வயசப் பத்தி நான் பேசவே இல்ல, அங்கிள். இந்த வருஷம் நீங்க எங்க டீம்ல இல்ல. அவ்வளவுதான்."

சிலிம் ரிவர் ஊர்ப் பக்கம் இவர்கள் குடும்பங்கள் வாழ்ந்த தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, குடியிருந்த லயங்களையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள். மிச்சம் இருப்பது திடல் மட்டும்தான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நாலா திசைக்கும் பிழைக்கப் போனவர்கள் அங்கே கூடிப் பந்து விளையாடுவார்கள். கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், புஜாங் என்கிற கல்யாணமாகாதவர்கள் இன்னொரு பக்கம்.

ஐம்பதைத் தாண்டிய ஸ்டானிஸ்லாஸ், மீசை முளைத்த நாளிலிருந்து புஜாங் பக்கத்துக் கோல்கீப்பர். ஈப்போவில் சிமெண்டு மூட்டை தூக்கி முதுகு கழன்று போனாலும், இந்த ஒரு நாளுக்கு மட்டும் எழுந்து நின்றுவிடுவார். இந்த வருஷம் அந்தக் கோலில் நிற்காவிட்டால், ஏன், எதனால் என்று திடலே கேட்கும்.

ஏற்கெனவே காலையிலிருந்து கோபத்தில்தான் இருந்தார். தாப்பாவில் வண்டிகள் நகராத ஜேம். "இவனுங்க எல்லாம் எங்கதான் போறானுங்க? தட்டுல இருக்கிற சோத்தப் படம் எடுக்குறதுக்கு இம்புட்டுத் தூரம் பயணமா? வீட்டுச் சோறு படத்துல விழாதா?" என்று வேனில் இருந்தவர்களின் காது வலிக்கத் திட்டிக்கொண்டே வந்தார்.

இறங்கியதும் பந்தாட்டம் மாட்டியது. "ரோஸ் கலர் சப்பாத்து போட்டா கோல் தானா விழுந்துருமா? காத்துப் பட்டாலே உருளுறானுங்க. எங்க காலத்துல கால் ஒடஞ்சாத்தான் உக்காருவோம்."

அடுத்து சாப்பாட்டுக் கூடாரம். "பேப்பர் தட்டுல மீகூனா? தட்டு கழுவக் கை வலிக்குதா எல்லாருக்கும்?"

மீகூன் சேமியாவைக் கிண்டிக்கொண்டிருந்த ஜோனதனின் அம்மா பமேலா கரண்டியோடு நிமிர்ந்தாள். "நீங்க கழுவுறீங்களா? வாங்க, நல்லாக் கழுவுங்க. மொதல்ல பிரஷர் மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. மெதுவாப் பேசு." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே திடலுக்குள் இறங்கினார். அங்கேதான் ஜோனதன் குறுக்கே வந்து நின்றான். கமுந்திங்கில் ஃபேக்டரி வேலை, விடுமுறைக்கு மட்டும் அம்மாவிடம் வருகிறவன். இந்த வருஷம் புஜாங் பக்கத்துக் கேப்டன்.

"காரணத்தச் சொல்லு," என்றார் ஸ்டானிஸ்லாஸ். "போன வருஷம் பெனால்டியப் புடிச்சது யாரு? ஒங்க பாட்டனா?"

"நீங்கதான்."

"ஒங்கப்பன் போனப்ப, அழுதுகிட்டு நின்ன ஒன்னை இந்தத் திடல்ல எறக்கிவிட்டது யாரு?"

"நீங்கதான், அங்கிள்." ஜோனதனின் குரல் கரகரத்தது. முகமும் சிவந்திருந்தது.

"அப்புறம் எந்த வாயால என்னைய வெளிய போகச் சொல்ற?"

கல்யாணமானவர்கள் பக்கத்திலிருந்து மகேந்திரன் கைதட்டினான். "டேய் ஜோனா, அண்ணன எங்க பக்கம் தள்ளிவிடுடா! பொண்டாட்டி இல்லாட்டியும் பரவால்ல, எங்ககிட்ட கோல்கீப்பர் இல்ல!"

திடலே சிரித்தது. ஸ்டானிஸ்லாஸின் கழுத்து நரம்பு புடைத்தது. "செத்தாலும் அந்தப் பக்கம் நிக்க மாட்டேன்! நான் பொறந்த தோட்டம், நான் நின்ன கோல். நேத்து வந்த பொடியன் நீ என்ன என்னைய மாத்துறது?"

"கத்தாதீங்க, அங்கிள். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! ஒங்கம்மா போட்டுக் குடுத்தாங்களா? பிரஷர் இருக்கு, விழுந்துருவாருன்னு சொன்னாங்களா?"

"அம்மா நேத்து எல்லாத்தையும் சொன்னாங்க."

"எல்லாத்தையும்னா?" அவருடைய சத்தம் சட்டென்று இறங்கிவிட்டது.

ஸ்டானிஸ்லாஸ் கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். பமேலா சட்டியை விட்டுவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்து, ஆமாம் என்பதுபோல் தலையை அசைத்தாள்.



"நேத்துலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல," என்றான் ஜோனதன், பல்லைக் கடித்துக்கொண்டு. "அவ்ளோ கோபம். நீங்க செஞ்சதுக்கு இல்ல. இத்தன மாசமா என்கிட்ட மறைச்சீங்க பாருங்க, அதுக்கு. என்னைய என்னான்னு நெனச்சீங்க? எதுத்து நிப்பேன்னா?"

மகேந்திரன் ரெஃப்ரியைப் பார்த்து நேரமாகிறது என்று சத்தம் போட்டான். ஜோனதன் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு அவர் தோளைப் பிடித்து எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டான்.

"கல்யாணமானவங்க அந்தப் பக்கம், அப்பா."