அந்த ஓர் அலறல்

பிட்ஸ்பர்க் திகில்பட ரசிகர் விழாவில் ஜோலீன் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றாள். நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த மலிவான கிறிஸ்துமஸ் கொலைப்படத்தின் நாயகி மார்லா, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் கொலைகார சாண்டாவாக நடித்த வெர்ன், ஆறடி உயரம், கையில் அதே கோடாரி.

“கடைசி சீன்ல ஒரு அலறல் அலறுவீங்களே மேடம்! ஒரு வாரம் அம்மா பக்கத்துலதான் படுத்தேன். எப்படித்தான் கத்துனீங்க? இப்ப ஒரே ஒரு தடவை கத்திக் காட்டுங்களேன்...”

“அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு கண்ணு. வெறும் காத்துதான் வந்துச்சு. எனக்குப் பதிலா கத்த வேற பொண்ணை வைக்க டைரக்டர்கிட்ட ஏது காசு?”

“அப்ப கத்துனது?”

மார்லா பக்கத்தில் முழங்கையால் இடித்தாள். “டேய் வெர்ன், உன்னைத்தான் கேக்குறா!”

நரைத்த தாடிக்குள் முகம் சிவக்க, கொலைகாரர் கோடாரியைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.