சொன்ன பேச்சு கேட்கிற பெண்

"கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவன் டாக்டர் இவன். ஒரு இடத்துல உட்காரமாட்டான்" என்றாள் அம்மா.

அவள் சொல்லி முடிப்பதற்குள் வாலு மேஜைக்கு அடியில் புகுந்து, டாக்டரின் சுழல் நாற்காலியைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்கூல்ல என்ன சொல்றாங்க?" நரைத்த மீசையைத் தடவியபடி கேட்டார் டாக்டர்.

"கவனக் குறைபாடா இருக்கலாம், காட்டிடுங்கன்னாங்க. இப்படியே இருந்தா வச்சுக்க முடியாதாம்."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சீருடை தைத்துக் கொடுப்பவள் அவள். தன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தையும் சேர்த்துத்தான் சில நாட்களாக மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"அது யாரு?"

ஜன்னலோரம் பத்து வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"என் பெரியவ. இவனைப் பிடிச்சுக்கத் துணைக்குக் கூட்டிட்டு வந்தேன். அதிர்ந்து பேசமாட்டா டாக்டர். எது சொன்னாலும் 'சரிம்மா'தான். இவ பொறுமையில பாதி அவனுக்கு இருந்தா நான் ஏன் இங்க வரப்போறேன்?"

அப்போதுதான் கவனித்தாள். பெரியவள் சட்டையைப் புரட்டிப் போட்டிருந்தாள்; தையல் முழுக்க வெளியே தெரிந்தது. பாவம், தம்பியைக் கிளப்புகிற அவசரம்.

"கண்ணு, தம்பிக்கு பாட்டில்ல தண்ணி பிடிச்சுட்டு வா."

"சரிம்மா."

டாக்டர் ஒரு பெட்டி நிறைய மரக்கட்டைகளைத் தரையில் கொட்டினார். வாலு பாய்ந்து வந்தான். "பாலம் கட்டப்போறேன். யாரும் பேசக்கூடாது!"

யாரும் பேசவில்லை. பாலம் சரிந்தது. முறைத்துவிட்டு மறுபடி அடுக்கினான். மறுபடி சரிந்தது, மறுபடி அடுக்கினான். அவன் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. இத்தனை நேரம் அவன் உட்கார்ந்து பார்த்ததே இல்லை என்று அம்மாவுக்குத் தோன்றியது.

"வகுப்புல இவன்தான் சின்னவனா?"

"ஆமா டாக்டர். நாலரைதான் ஆகுது."

"வயசுக்கு ஏத்த துறுதுறுப்புதான்னு தோணுது. டீச்சர்கிட்ட நானே பேசறேன். ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்ப்போம்."

"வயித்துல பாலை வார்த்தீங்க!" முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பெரியவள் திரும்பி வந்தாள். பாட்டில் காலி. மூடியைக் காணோம்.

"தண்ணி எங்கடி?"

"வெளியில மீன் தொட்டி இருக்கும்மா..."

"சரி விடு, நானே பிடிச்சுக்கறேன்."

"வீட்டுலயும் இப்படித்தானா?" என்றார் டாக்டர்.

"ஞாபகமறதிதான். பாதியில விட்டுடுவா, நான் செஞ்சுடுவேன். படிப்பு சுமார். 'எங்கயோ பார்த்துக்கிட்டு இருக்கா, ஆனா தொந்தரவே இல்ல'ம்பாங்க டீச்சர். எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாளே, அது போதாதா?"

டாக்டர் அந்தக் காலி பாட்டிலைப் பார்த்தார். பிறகு, "இப்பவே எதையும் முடிவு பண்ண முடியாது. அடுத்த வாரம் வாங்க, நிதானமாப் பார்க்கணும்" என்றார்.

"இவன் நல்லாத்தான் இருக்கான்னீங்களே!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "உன் பேர் என்ன பாப்பா?"

மறுபடி ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, வெளியே காற்றில் ஆடும் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தாள் பெரியவள்.

"பாப்பா, உன்னைத்தான். உன் பேர் என்ன?"

அம்மா தோளைத் தொட்டதும் திடுக்கிட்டுத் திரும்பினாள். எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும், அந்த மீசைக்காரரைப் பார்த்து, அம்மாவுக்கு மிகவும் பிடித்த அந்தப் பணிவான சிரிப்போடு சொன்னாள்:

"சரிம்மா."