ஏற்றிய சாமான்

பிக்கப் வண்டியில் தம்பி குடும்பத்தின் கட்டில், பீரோ எல்லாம் ஏற்றியாகிவிட்டது. எஞ்சின்தான் பிடிக்கவில்லை.

“வெளியே போன்னு அண்ணி சொன்னப்புறம் இந்த வீட்டுல ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன். சீக்கிரம் பாருண்ணா!” என்று எரிந்து விழுந்தான் தம்பி.

“பாத்துக்கிட்டுத்தானேடா இருக்கேன்!”

மெக்கானிக்கான அண்ணனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. பேட்டரி சரியாக இருந்தது, டேங்க் நிறைய டீசல் இருந்தது, ஃபில்டரையும் மாற்றிப் பார்த்தாயிற்று. கடைசியில் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். டீசல் பம்புக்கான ஃபியூஸையே காணோம்.

“எவன்டா கழட்டினது?” என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

சமையலறையில் நின்றிருந்த அவர் மனைவி உள்ளங்கையை விரித்தாள். அதில் ஃபியூஸ் இருந்தது.

“நீதானேடி அவங்களைப் போகச் சொன்னே?”

“சொன்னேன்தான்.” அவள் குரல் உடைந்தது. “நிஜமாவே கிளம்பிடுவாங்கன்னு நான் என்ன கண்டேன்?”