வராத போல்ட்

போல்ட் கழண்டுருச்சு. டிரைவர் பொண்டாட்டி அதை ரெண்டு கண்ணாலயும் பார்த்தா.

ஒர்க்‌ஷாப் கதவு பாதி தொறந்திருந்தது. புருஷனுக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கிட்டு வந்தவ, வாசல்லயே நின்னுட்டா. உள்ள அவங்க ஸ்கூல் வேன். அதோட இஞ்சினுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு மெக்கானிக். உள்பக்கம் பல்லு பல்லா, இரும்புக் குப்பி மாதிரி இருந்த ஒரு சாக்கெட்டை போல்ட் தலையில வச்சு, சுத்தியால ரெண்டு தட்டு தட்டினான். அப்புறம் நீளக் கம்பியை மாட்டி ஒரே அழுத்து. 'கடக்'னு சத்தம். அதுக்கு மேல விரலாலயே சுத்த வந்துச்சு.

அதுவரைக்கும் சந்தோஷம்தான். அடுத்து அவன் பண்ணினதுதான் அவளுக்குப் புரியலை. கழண்ட போல்ட்டைத் திரும்ப உள்ள முடுக்கிட்டான். சாக்கெட்டை எண்ணெய்த் துணியில சுருட்டி ஸ்டூலுக்கு அடியில தள்ளிட்டான்.

மூணு நாளா இந்த ஒரு போல்ட்டாலதான் வீட்ல அடுப்பு எரிஞ்சும் எரியாத மாதிரி இருந்துச்சு. வேன்ல தண்ணி பம்பு ஒழுகுது, மாத்தணும். நாலு போல்ட்ல மூணு வந்துருச்சு. நாலாவது தலை தேஞ்சுபோய் எந்த ஸ்பேனரும் பிடிக்கலை. அதுவும் டிரைவர் வீட்ல வச்சு, தானே கழட்டறேன்னு உட்கார்ந்தப்ப ஆன வினை. அவர் எப்பவும் அப்படித்தான். ஒரு தடவை மிக்ஸியைப் பிரிச்சு மாட்டினார், நாலு ஸ்குரூ மிச்சம். மிக்ஸி என்னமோ ஓடுச்சு, மூடிதான் மேல பறந்துச்சு. அது கிடக்கட்டும்.

இந்த மெக்கானிக்குக்கு அந்தத் தெருவுல பேரே 'ஆகட்டும்'தான். எதைக் கேட்டாலும் ஆகட்டும்பான். மாமனார் வந்து பொண்ணு கொடுக்கறேன்னப்பவும் ஆகட்டும்னுட்டு, எந்தப் பொண்ணுன்னு அப்புறம்தான் கேட்டானாம். நல்லவேளை, அவங்களுக்கு ஒரே பொண்ணு. அப்பேர்ப்பட்டவன் இந்த போல்ட்டைப் பார்த்துட்டு முதல் தடவையா ஆகாதுன்னுட்டான். இதுக்குன்னு தனியா ஒரு டூல் இருக்கு, தன்கிட்ட இல்லை, வெளியூர்லேர்ந்து வரணும், பத்து நாள் பிடிக்கும்னு சொல்லிட்டான்.

ஸ்கூல்ல பத்து நாள் காத்திருப்பாங்களா? திங்கக்கிழமை காலையில வேன் ஸ்கூல் வாசல்ல நிக்கலைன்னா ரூட்டை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்னு வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. வீடே அந்த ஒரு ரூட்டை நம்பித்தான்.

அவ நேரா உள்ள போனா. புருஷனைக் காணோம். தெருமுனைக்கு டீ குடிக்கப் போயிருக்காராம். சாப்பாட்டைக் கீழ வச்சா, ஸ்டூலுக்கு அடியில கையை விட்டா, துணியைப் பிரிச்சா.

"இது என்ன தம்பி?"

அவன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. "அண்ணி, அதை அங்கயே வச்சிருங்க."

அவ வச்சாத்தானே. பிடிபிடின்னு பிடிச்சுக்கிட்டா. கூடப்பொறந்தவன் மாதிரி நெனச்சோமே, உன் பொண்டாட்டி பிரசவத்துக்கு இதே வேன்லதானே போனோம், அவ போட்ட சத்தத்தைவிட நீ போட்ட சத்தம்தானே ஜாஸ்தி, உனக்குத் தண்ணி தெளிச்சு உட்கார வச்சவர் வாயிலயே மண்ணைப் போடறியே, எவனுக்கு இந்த ரூட்டைப் பிடிச்சுக் கொடுக்கப் பார்க்கறேன்னு மூச்சு விடாம கேட்டா. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு கையைத் தொடைச்சுக்கிட்டே இருந்தான். கையில அழுக்கு ஒண்ணும் இல்லை.

"பேசமாட்டல்ல? இரு, அவர்கிட்டயே போய்க் காட்டறேன்."

அவ வாசப்படி தாண்டப் போனப்பதான் அவன் வாயைத் தொறந்தான்.

"காட்டுங்க அண்ணி. அது அண்ணனோட டூல்தான்."

அவ நின்னுட்டா.

"அவர் பெட்டியிலேர்ந்து அவரே எடுத்துக் கொடுத்து, இதை ஒளிச்சு வை, யார் கேட்டாலும் போல்ட் வராதுன்னு சொல்லுன்னாரு. அந்தத் தலை தானாத் தேயலை. அரத்தை வச்சு அவரே ராவி விட்டிருக்காரு. பின்னால வேற யாராச்சும் இந்த வண்டியை ஓட்டணுமேன்னு நான்தான் இப்ப இளக்கி வச்சேன்."

அவளுக்கு ஒண்ணும் ஓடலை. பிழைக்கிற பிழைப்பை எவனாவது தன் கையாலயே ராவுவானா?

"அண்ணனுக்கு இடது கண்ணு மங்கிட்டே வருது அண்ணி. போன வாரம் ஸ்கூல் வாசல்ல வண்டியை எடுத்திருக்காரு. இடது பக்கம் ஒரு குழந்தை நின்னது அவருக்குத் தெரியவே இல்லை. வாட்ச்மேன் அது சட்டையைப் பிடிச்சு இழுத்தாரு, பிழைச்சுது. அப்படியே நடுங்கிக்கிட்டு இங்க வந்து, இந்தத் தரையில உட்கார்ந்து அழுதாரு. வேற வண்டி பார்த்துக்கங்கன்னு நேத்து ஸ்கூலுக்கும் அவரே சொல்லிட்டாரு."

கையிலிருந்த சாக்கெட் கனத்துது.

"இவ்வளவு நடந்திருக்கு. கட்டினவ நான் ஒருத்தி இருக்கேனே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

மெக்கானிக் அவ முகத்தைப் பார்க்கலை. வேனையே பார்த்துக்கிட்டு, மெதுவாச் சொன்னான்.

"கண்ணு மங்குதுன்னு மூணு தடவை சொன்னாராம் அண்ணி. ரூட் போயிட்டா சோத்துக்கு எங்க போறது, வண்டிக் கண்ணாடியை நல்லாத் தொடைச்சுட்டு ஓட்டுங்கன்னு மூணு தடவையும் நீங்கதான் அனுப்பி வச்சீங்களாம்."