எல்லாருக்கும் பிடித்தது சிட்ரா

"எல்லாருக்கும் புடிச்சது சிட்ராதான் மாமா. கிட்டப் போனாலே கமகமன்னு இருக்கும்" என்றான் சிவசங்கர்.

தெய்வசிகாமணியின் கையிலிருந்த காபி டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது. பெண் கேட்டு வந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எவளோ ஒருத்தியைப் பற்றி இப்படியா பேசுவான்?

"யாரு தம்பி அந்தச் சித்ரா?"

"ஐயோ, பொண்ணு இல்ல மாமா. சிட்ரா. பூவு. எங்க கம்பெனிக்கு அமெரிக்காலருந்து காய வெச்சி வரும்."

தெய்வசிகாமணிக்கு மூச்சு வந்தது. மகள் தனுஷா பெங்களூரில் ஏதோ லேபில் வேலை பார்க்கிறாள். அங்கே பழக்கமான பையன், களமருதூர்க்காரன், நம்ம சனம்தான், பெற்றவர்களோடு வருவதற்கு முன் ஒருதரம் நீ பார்த்துவிடு என்று அவள்தான் சொல்லியிருந்தாள். சங்கராபுரத்தில் வீட்டு வாசலில் பைக்கை விட்டு இறங்கியதும் பையன் 'மாமா' என்று கூப்பிட்டதிலேயே அவர் பாதி கவிழ்ந்திருந்தார்.

"தலையில வெச்சிக்கிற பூவா?"

"இல்லீங்க மாமா. வாசன நல்லா இருக்கும், வாயில வெச்சா கசக்கும். கொடியில கொத்துக் கொத்தாத் தொங்கும்."

"கசக்குற பூவ எவன் வாங்குறான்?"

"உலகம் பூரா வாங்குறாங்க மாமா. மொசைக்னு ஒண்ணு, அது நாவப்பழம் மாதிரி இருக்கும். கேஸ்கேட்னு ஒண்ணு, பம்ளிமாஸ் வாசன. அப்புறம் சாஸ், அது வந்து... மாம்பழ வாசன."

"மாம்பழம் சிட்ராவுல!" அடுப்படியிலிருந்து தனுஷாவின் குரல் வெட்டிக்கொண்டு வந்தது. "சாஸ்ல மாம்பழம் எங்க இருக்குது? அது பச்சில வாசம், தொண்டையில லேசா மெளகு காரம்!"

"நீ சும்மா வடையப் பாருடி" என்று அதட்டினாள் அம்மா கமலா.

தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன்பே அவன் தொழிலை மனப்பாடம் செய்துவிட்டாளே! பையன் மேல் அவ்வளவு பிரியம் போலிருக்கிறது.

"வெள்ளிமலையில தெரிஞ்சவங்க நெலம் வெச்சிக்கினு இருக்காங்க. அங்க போட்டா வருமா தம்பி?"

"அங்க குளுரு பத்தாது மாமா."

அந்த நேரம் பார்த்துத்தான் கமலாவின் தம்பி கண்ணாயிரம் வாழை இலைக் கட்டோடு உள்ளே வந்தான். சிட்ரா, மொசைக் என்று காதில் விழுந்ததும் கட்டைக் கீழே போட்டான்.

"மாமா! இது பீருல போடற பூவு மாமா! இந்தாளு பீர் கம்பெனி!"

கமலா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஒனக்கு எப்பிடிடா தெரியும்? குடிய வுட்டுட்டன்னு மலையனூர் கோயில்ல சூடம் அணைச்சியே?"

"டப்பா மேல எழுதியிருந்துச்சிக்கா" என்று கண்ணாயிரம் முழித்தான். "நான் டப்பாவ மட்டுந்தான் படிச்சேன்."

தெய்வசிகாமணி எழுந்துவிட்டார். அவருடைய அப்பன் இருந்த காணியெல்லாம் குடித்தே தீர்த்தவர். ஊர்க்கோடி மதுக்கடையை மூடச் சொல்லி நடுரோட்டில் படுத்தவர்களில் முதல் ஆள் தெய்வசிகாமணி. அந்த வீட்டுக்கு இப்படி ஒரு மருமகனா?

"காபியக் குடிச்சிட்டுக் கெளம்பு தம்பி. பீர் விக்கிறவனுக்கு எங்க வூட்ல பொண்ணு இல்ல."

சிவசங்கர் கும்பிடாத குறையாக எழுந்து நின்றான். "மாமா, நான் குடிக்கவே மாட்டேன். பீர் வாசனையே எனக்கு ஆவாது. ஆளுங்களுக்குச் சம்பளம் போடற செக்‌ஷன்ல இருக்கறேன். வேலைய வுடச் சொன்னா நாளைக்கே வுட்டுடறேன். தனுஷா இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க."

பையன் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய் சொல்கிற முகமில்லை. தெய்வசிகாமணியின் கோபம் கொஞ்சம் இறங்கியது. மெதுவாக மறுபடி உட்கார்ந்தார்.

"வேற வேல பாத்துக்குவியா?"

"சத்தியமா மாமா."

"சரி, ஒன்ன நம்பறேன். ஆனா ஒண்ணு சொல்லு. நீ குடிக்க மாட்ட. அப்ப இது மாம்பழம், இது மெளகுன்னு வாயில ஊத்திப் பாத்துச் சொல்றது யாரு?"

"அதுக்குத் தனியா ஒருத்தங்க இருக்காங்க மாமா. காலைல வந்ததும் ஒவ்வொரு டேங்க்லயும் புடிச்சிக் குடிச்சிப் பாப்பாங்க. எந்தப் பூவு ஜாஸ்தி, எது கம்மின்னு அவங்க சொன்னாதான் டப்பாவுல அடைப்போம்."

"காலங்காத்தாலயே குடியா!" தெய்வசிகாமணிக்குப் போன கோபம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. "அதப் பெத்த அப்பன் இன்னா மனுசன்? புள்ள எங்க போவுது, இன்னா பண்ணிக்கினு இருக்குதுன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டானா? அவன் மட்டும் என் எதுர்ல வரட்டும், நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நல்லாக் கேக்கறேன். யாரு அவன்?"

சிவசங்கர் அடுப்படிப் பக்கம் பார்த்தான்.

வடைத் தட்டோடு வந்த தனுஷா அதை அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"அந்த அப்பன் நீதாம்பா."