தொண்ணூற்றைந்துக்குக் கீழே

ஆறாம் நாள் மத்தியானப் பூசை முடிந்தபோது, லண்டன் ஹரோவிலுள்ள அந்த முருகன் கோயில் மண்டபத்தில் இருபத்துமூன்று ஆண்கள் சுவரோடு சாய்ந்து இருந்தார்கள். எல்லோரும் வெறும் தண்ணீரோடு கந்தசட்டி பிடிக்கிறவர்கள்.

வழக்கமாக நாலு பேர் தேறினாலே பெரிய விசயம். மற்றவர்கள் பால், பழம் என்று தொடங்கி மூன்றாம் நாள் இடியப்பத்தில் போய் நிற்பார்கள்.

ஐயருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடம் இந்தக் குளிருக்குள் மணி ஆட்டியதன் பலனை இன்றைக்குத்தான் கண்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். பெண்கள் எழும்பி நின்று விரதகாரரைக் கும்பிட்டார்கள்.

கும்பிடு வாங்கியவர்களில் சண்முகராசாவும் ஒருவர். அவருக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அவர் ஆறு நாள் பட்டினி கிடந்தது நாய்களுக்காக.

தை மாதம் நோர்வேக்குப் போய், நாய் பூட்டிய பனிவண்டி ஓட்டுவதென்று அவருடைய மனைவி நகுலேஸ்வரி முடிவெடுத்திருந்தாள். பலசரக்குக் கடை தொடங்கி இருபத்தாறு வருடத்தில் இருவரும் சேர்ந்து போகப்போகிற முதல் விடுமுறை. கோயில் சனத்துக்குப் பயண ஏற்பாடு செய்கிற மாலினி ஒரு படிவம் அனுப்பியிருந்தாள்.

இரண்டு மணித்தியாலம் நின்றபடியே வர முடியுமா? ஏற்றத்தில் இறங்கி ஓடி வண்டியைத் தள்ள முடியுமா? விழுந்தாலும் பிடியை விடாமல் இருக்க முடியுமா? முழங்கால், முதுகு, இதயம் சுகமா?

ஒரு பெட்டி சோடாவைக் கடை மாடிக்குத் தூக்கினால் பாதிப் படியில் குந்தி இளைப்பாறுகிற மனிதர், கூசாமல் எல்லாவற்றுக்கும் 'ஓம்' போட்டார்.

கடைசிக் கேள்வியில் பேனை நின்றது. நாய்களின் நலன் கருதி, வண்டி ஓட்டுபவர் தொண்ணூற்றைந்து கிலோவைத் தாண்டக்கூடாது. அங்கே நிறுத்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

அவர் நூற்றொன்று.

நகுலேஸ்வரி இரக்கம் காட்டவில்லை. "கூடினா நீங்கள் கொட்டிலுக்குள்ள இருந்து தேத்தண்ணி குடியுங்கோ. நான் அங்க வண்டி ஓட்டுற நோர்வேப் பெடியனோட போறன்."

படிவம் இன்று நாலு மணிக்குள் போகவேண்டும்.

யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. நாய்க்கு விரதம் பிடிக்கிறான் என்று லண்டன் முழுக்கச் சிரிக்கும். நல்ல வேளையாகக் கந்தசட்டி வந்து மறைப்புக் கட்டியது.

ஆனால் இப்போது சுற்றிவரப் பார்க்க அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

எதிரே கோயில் தலைவர் குலசேகரம். மைக்கைப் பிடித்தாரென்றால் சாமிக்கே கால் உளையும். வருடா வருடம் தன்னுடைய விரதத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசிவிட்டு, காருக்குள் இருந்து மரக்கறி றோல்ஸ் சாப்பிடுகிறவர். அந்த மனிதர் இந்த ஆறு நாளும் மைக்கைத் தொடவில்லை. கன்னம் ஒட்டி, கண் மட்டும் மினுங்க, உதடு எதையோ முணுமுணுத்தபடி இருந்தார்.

பக்கத்தில் ஒரு டொக்டர். ஊருக்கெல்லாம் சாப்பாட்டைக் குறை என்று சொல்லிவிட்டுத் தான் குறைக்காதவர். இன்று அவருடைய வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது.

இத்தனை வயிறுகளை ஒடுக்கிக் கொண்டுவந்து சுவரோடு இருத்தியிருக்கிறானே, அவன் எவ்வளவு பெரியவன்!

திரைக்குப் பின்னால் விளக்கொளியில் வேல் மின்னியது. சண்முகராசா கைகளைத் தலைக்குமேல் தூக்கினார். பல வருடங்களுக்குப் பிறகு உண்மையாகவே கும்பிட்டார். இந்தச் சபையில் கள்ளன் நான் ஒருவன்தான், பொறுத்துக்கொள் என்று கேட்டார்.

மன்னிப்புக் கேட்டாயிற்று. மணி மூன்றேகால் ஆகிவிட்டது.

வீட்டு மெஷின் காலையில் முதலில் தொண்ணூற்றுநாலரை காட்டியது. இறங்கி ஏற, தொண்ணூற்றாறு. நம்பி ஏறக்கூடியது கோயில் களஞ்சிய அறையில் அரிசி மூட்டை நிறுக்கிற தராசு ஒன்றுதான்.

மற்றவர்கள் எழும்பிப் போகட்டும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தார். ஒவ்வொருவராகத் தள்ளாடிப் போனார்கள். மண்டபம் வெறுமையானதும் சத்தமில்லாமல் நடந்து போய்க் களஞ்சியக் கதவைத் திறந்தார்.

அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருபத்திரண்டு விரதகாரரும் வரிசையில் நின்றார்கள்.

அர்ச்சனைக்குக்கூட அந்தக் கோயிலில் இப்படி இடிபடாத வரிசையை அவர் கண்டதில்லை. சங்கிலியையும் மோதிரங்களையும் கழற்றி டொக்டரின் கையில் கொடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்தபடி தராசின் மேல் நின்றார் குலசேகரம்.

இலக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்:

"கதவைச் சாத்திப்போட்டு வரிசையில வாரும், தம்பி. நாய்க்காரர் சப்பாத்தோடதான் நிறுப்பினமாம், மாலினி சொன்னவ. ரண்டு கிலோ கூட்டித்தான் பாக்கவேணும்."